சின்ன கேரவன் டிரெய்லர்: இழுப்பதும் அடுக்குவதும் – வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காருக்குப் பின்னால் ஒரு சின்ன கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்ப ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். என் வண்டி இழுக்குமா? உள்ளே எவ்வளவு சாமான் கொள்ளும்? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தேடுவதில்தான் சிக்கலே தொடங்குகிறது. அரிசிப் பையையும் தண்ணீர் கேனையும் நீங்கள் எந்த மூலையில் வைத்தீர்கள் என்பதை வைத்துத்தான், மாதனூர் பக்கம் ஒரு ஆம்னி பஸ் உங்களை உரசிக்கொண்டு முந்தும்போது டிரெய்லர் நேராக வருமா, வாலை ஆட்டுமா என்பது முடிவாகிறது. சாமான் அடுக்குகிறவரும் ஸ்டீயரிங் பிடிக்கிறவரும் செய்வது ஒரே வேலை. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது ஒற்றை ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு), பத்துப் பன்னிரண்டு அடி நீளம், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 750 கிலோ சுமாருக்கு நிற்கும் டிரெய்லர். அதைவிடப் பெரியதென்றால் அதற்கென்று தனி பிரேக், பெரிய இழுவை வண்டி என்று கணக்கு வேறு.

முதலில் காரும் காகிதமும்

டிரெய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் காரோடு வந்த கையேட்டைத் திறந்து, இழுவை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எடை, பிரேக் இல்லாததற்கு ஒரு எடை, ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அமரக்கூடிய எடை என்று மூன்று எண்கள் இருக்க வேண்டும். இந்த காரில் எதையும் இழுக்கக்கூடாது என்று போட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எங்க பட்டறையில பலமா வெல்டு வச்சுத் தரேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பொலிரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி தனிச் சட்டத்தின்மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஹிட்ச்சைச் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்கலாம். அந்த வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதி சுலபம். அவர்களும் கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டக்கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும். வேலூரில் டிஎன் 23, ராணிப்பேட்டையில் டிஎன் 73 என்று உங்கள் வட்டார ஆர்டிஓ அலுவலகத்துக்கு, வாங்குவதற்கு முன்பே ஒருமுறை போய் வாருங்கள். பாடி கட்டித் தருகிறவரிடம் என்னென்ன சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும், உங்கள் ஓட்டுநர் உரிமம் இதற்குப் போதுமா என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். காரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டிரெய்லர் இழுக்கப் போவதை எழுத்தில் தெரிவித்து, அதையும் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹிட்ச் மாட்டுவது

நம்மூரில் டிராக்டருக்கு டிரெய்லர் மாட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். துளைக்குள் பின் இறங்கும், அவ்வளவுதான். கொஞ்சம் லொடலொடவென்று ஆடினாலும் டிராக்டர் வேகத்துக்கு அது ஓடும். காருக்கு அது ஆகாது. காரின் ஹிட்ச்சில் 50 மில்லிமீட்டர் உருண்டை, டிரெய்லரின் மூக்கில் அதன்மேல் கச்சிதமாகக் கவியும் கப்ளர் வேண்டும். உருண்டையின் அளவும் கப்ளரில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள்.

மாட்டும்போது செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். காரை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து உருண்டைக்கு நேர் மேலே கப்ளர் வரும்படி நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றிக் கப்ளரை இறக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்போது ஜாக்கியைத் திருப்பிச் சுற்றி, டிரெய்லரை மேலே தூக்கப் பாருங்கள். காரின் பின்பக்கம் ஒரு அங்குலம் சேர்ந்து எழுந்தால் சரியாகப் பூட்டியிருக்கிறது. கப்ளர் மட்டும் தனியே கழன்று மேலே வந்தால் பூட்டவில்லை. ஒரு நிமிட வேலைதான் இது, ஆனால் கிளம்புவதற்கு முன் செய்யும் சோதனைகளில் இதைவிட முக்கியமானது எதுவுமில்லை.

அப்புறம் பாதுகாப்புச் சங்கிலிகள். இரண்டையும் கப்ளருக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட வேண்டும். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்கின்மேல் விழும். வளைவில் இழுபடாத அளவுக்குத் தளர்வு, தரையில் உரசாத அளவுக்கு இறுக்கம். டிரெய்லரில் பிரேக் இருந்தால், அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பியைச் சங்கிலியோடு சேர்க்காமல் காரில் தனியாக மாட்டுங்கள். கடைசியாக லைட் பிளக். இண்டிகேட்டர், பிரேக் லைட், பின் விளக்கு மூன்றையும் ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். டிரெய்லர் தரைக்கு இணையாகவோ, மூக்கு ஒரு துளி தாழ்ந்தோ இருக்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் உருண்டையின் உயரத்தை மாற்றுங்கள்.

எடைமேடைக்கு ஒரு நடை

பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஒரு எடைமேடைக்குப் போங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கமும், ஆற்காடு, ஆரணி ரைஸ் மில்கள் பக்கமும் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. "காலி வண்டியா, லோடா?" என்று கேட்பார்கள். "லோடுதாங்கண்ணே, வீட்டுச் சாமான்" என்று சொல்லிவிட்டு, டிரெய்லரை மட்டும் கழற்றி மேடைமேல் நிறுத்தி ரசீது வாங்குங்கள். மொத்த எடை டிரெய்லரின் தகட்டில் போட்டிருக்கும் உச்ச எடைக்குள் இருக்க வேண்டும். இரண்டு டயரின் சுமை எண்களும் சேர்ந்து குறிக்கும் எடைக்கும் உட்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஹிட்ச்சின் மேல் அமரும் எடை. இதை மூக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். லாரி எடைமேடை ஐந்து ஐந்து கிலோவாக, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் இதற்கு உதவாது. வீட்டில் ஆள் ஏறி நின்று பார்க்கும் எடை மிஷின் போதும். சமதரையில் டிரெய்லரை நிறுத்திக் கட்டை கொடுங்கள். மிஷின்மேல் ஒரு பலகை, பலகைமேல் உருண்டையின் உயரத்துக்கு வெட்டிய ஒரு மரக்கட்டை, அதன்மேல் கப்ளர். ஜாக்கி சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் மிஷின் காட்டுவதுதான் மூக்கு எடை. பலகை, கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்த எடையில் பத்து சதவீதத்தைச் சுற்றி இது வர வேண்டும். 750 கிலோ டிரெய்லருக்கு 75 கிலோ. காரின் கையேடு சொல்லும் எல்லை அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த எல்லைக்குப் பொருந்துகிற மாதிரி சாமானையே குறைக்க வேண்டும். மூக்கு எடை குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடிப்போனால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளரும், இரவில் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். உருண்டையிலிருந்து ஆக்ஸில் வரை 3 மீட்டர் என்று வையுங்கள். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன், எடை 20 கிலோ. அதை ஆக்ஸிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைத்தால் மூக்கு எடை 10 கிலோ குறையும். அதே தூரம் முன்னால் வைத்தால் 10 கிலோ கூடும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்தால் மூக்கு எடை மாறவே மாறாது. இடமிருக்கிறதே என்று இரண்டு கேனைப் பின்கதவு ஓரமாக வைக்கிறீர்கள். 75 கிலோ 55 ஆகிவிடுகிறது. டிரெய்லரும் அதே, காரும் அதே, ஓட்டும் சுகம் மட்டும் வேறு.

அடுக்குவது

இதுவரை சொன்னதிலிருந்து, கனத்தையெல்லாம் முன்னாலும் பின்னாலும் சமமாகப் பிரித்து வைத்தால் மூக்கு எடை சரியாகிவிடுமே என்று தோன்றும். எண் சரியாகிவிடும். ஓட்டம் சரியாகாது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் காவடி எடுக்கிறவர்களைப் பார்த்தால் புரியும்: இரண்டு முனையிலும் கனம் தொங்கும் காவடி ஒருமுறை சுழல ஆரம்பித்தால் அதை நிறுத்தத் தோள் படாதபாடு படும். டிரெய்லரும் அப்படியே. அதனால் விதி ஒன்றுதான்: கனமானது எல்லாம் தரை மட்டத்தில், ஆக்ஸிலுக்கு மேல் அல்லது அதற்குச் சற்று முன்னால். முனைகள் இரண்டும் லேசாக இருக்கட்டும்.

டிரெய்லர் தரையில் சாக்பீஸால் ஆக்ஸிலுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அதற்கு ஒரு முழம் பின்னாலிருந்து இரண்டு முழம் முன்னால் வரை கனச் சாமானுக்கான இடம். பேட்டரி, தண்ணீர், அரிசி பருப்பு, குக்கர், தோசைக்கல், கருவிப் பெட்டி எல்லாம் அங்கே. இடப்பக்கம், வலப்பக்கம் கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஒருபுறம் என்றால் தண்ணீர் மறுபுறம்.

தண்ணீர் டேங்க் இருந்தால் அதை முழுதாக நிரப்புங்கள் அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள். பாதி டேங்க் பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயும், வளைவில் பக்கத்தில் சாயும். என் பழக்கம், வழிக்குக் குடிக்க மட்டும் காரில் வைத்துக்கொண்டு, மீதியை ஏலகிரி மலை அடிவாரத்தில் வாங்குவது. ஜோலார்பேட்டை வரைக்கும் இரண்டு கேன் தண்ணீரைச் சும்மா சுமப்பானேன்?

கேஸ் சிலிண்டர் தனிக் கதை. வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 30 கிலோ. சின்ன டிரெய்லருக்கு 5 கிலோ சிலிண்டரே தாராளம். நிமிர்த்தி வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, படுக்கும் அறையோடு தொடர்பில்லாத முன்பெட்டியில் வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே அந்தப் பெட்டியின் அடித்தட்டில் காற்றுத் துளை இருந்தே ஆக வேண்டும். மேலே மட்டும் துளை போட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்பிக் கீழேயும் போடச் சொல்லுங்கள். வண்டி நகரும்போது வால்வு மூடியே இருக்க வேண்டும்.

சமையல் சாமான் அடுக்க நம் வீட்டுப் பழக்கமே நல்ல வழி. இட்லிக் குண்டானைத் திறந்து, உள்ளே தட்டுகள், அதற்குள் டபரா டம்ளர்கள், இடையிடையே கைத்துண்டு, மேலே மூடி, மொத்தத்தையும் ஒரு பருத்தித் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டால், சத்தமும் இல்லை, நசுங்கலும் இல்லை, ஒரே கையில் தூக்கலாம். கண்ணாடிப் பாட்டில் எதுவும் வேண்டாம். எண்ணெய், நெய்யை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, அந்த டப்பாவை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்துங்கள். அஞ்சறைப் பெட்டியின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட்.

மேல் அலமாரிகளில் துணிமணி, போர்வை, பாய், ரொட்டி, அவல், பேப்பர் தட்டு, இவ்வளவுதான். அலமாரி ஓரத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்புப் பட்டை அடிக்கச் சொல்லுங்கள். கதவுகளுக்குக் காந்தம் போதாது, அழுத்தித் திறக்கும் பூட்டு வேண்டும். ஒரே அளவுள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளாக வாங்கினால் ஒன்றையொன்று இடித்து நகராது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கே ஒரு தலையணை. நான் பார்த்தவரை டிரெய்லருக்குள் உடைவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியால்தான்.

சைக்கிளைப் பின்சுவரில் தொங்கவிடும் ஸ்டாண்டைப் பலர் ஆசையாக வாங்குகிறார்கள். இந்த அளவு டிரெய்லருக்கு அது வேண்டவே வேண்டாம். 15 கிலோ சைக்கிள் சின்னக் கனம்தான், ஆனால் அது தொங்கும் இடம் ஆக்ஸிலிலிருந்து மிகவும் தள்ளி இருக்கிறது.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, பூட்டிய டிரெய்லருக்குள் அதைவிட வெகுவாக ஏறும். பாடி ஸ்ப்ரே, கொசு ஸ்ப்ரே, லைட்டர், மாத்திரைகள், பவர் பேங்க் எல்லாம் காருக்குள் ஏசியில் வரட்டும். திரும்பும் வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கினால் அதுவும் காரிலேயே. பாகு ஒருமுறை அலமாரிக்குள் கசிந்தால் எறும்பு அடுத்த பயணம் வரை போகாது.

எல்லாம் அடுக்கி முடித்ததும் ஒரு வரைபடம் வரைந்து, கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எது எந்தப் பெட்டி, எந்தப் பெட்டி எந்த இடம் என்று தெரிந்தால் வீட்டில் யார் ஏற்றினாலும் கனம் இடம் மாறாது. பிறகு மறுபடி மூக்கு எடை பாருங்கள்.

டயரும் சக்கரமும்

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். மாதக்கணக்கில் வெயிலில் நின்று வெடிப்பு விட்டுத்தான் சாகும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்றை விடியற்காலையில், ஓடாத டயரில் பாருங்கள். மதியம் சூட்டில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கக்கூடாது.

கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகள் முதல் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். வேலூரிலிருந்து கிளம்பினால் அந்தத் தூரம் ஆம்பூரில் வந்துவிடுகிறது. பிரியாணிக்கு உட்காருவதற்கு முன் ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று பாருங்கள். அப்படியே இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குக் கிட்டே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒருபக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கிரீஸ் இல்லாமலோ, பிரேக் பிடித்துக்கொண்டோ ஓடியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

ஓட்டுவது

முதல் ஓட்டம் ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மனைப்பிரிவில் இருக்கட்டும். எல்லைக் கல் நட்டு, வீடு கட்டாத மனைகள் வேலூரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சமாக, மிக மெதுவாக. மடங்க ஆரம்பித்துவிட்டால் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். அரை நாள் பழகினால் வந்துவிடும்.

நான்குவழிச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்வண்டியிலிருந்து நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். பஸ்ஸோ கன்டெய்னரோ முந்தும்போது அதன் முகம் தள்ளும் காற்று முதலில் டிரெய்லரை வெளியே தள்ளும், அப்புறம் அது தாண்டும்போது உள்ளே இழுக்கும். கண்ணாடியில் வருவதைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் தளராமல் பிடியுங்கள். திருப்ப வேண்டாம். பள்ளிகொண்டா டோலில் ஓரத்து அகலமான பாதையைப் பிடியுங்கள். சந்துபொந்துகளில் திரும்பும்போது டிரெய்லர் சக்கரம் காரைவிட உள்பக்கமாக வெட்டி வரும் என்பதை மறக்காமல், கார் பாதி தாண்டிய பிறகே ஒடியுங்கள்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்துவிட்டால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங் நேராக. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள், வேகமெடுத்தால் நேராகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகம் தானாகக் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, உள்ளே எந்தக் கனம் பின்னால் நகர்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும்.

ஏலகிரி ஏறுவதானால் பொன்னேரியில் நிறுத்தி எஞ்சின் சூட்டைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். வார நாளில், காலை வெளிச்சத்தில் போங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, ஹாரன் அடித்து, எதிரே பஸ் இறங்கினால் வளைவுக்குக் கீழேயே காத்திருந்து அதற்கு வழிவிடுங்கள். வளைவின் நடுவில் நின்றுவிட்டால் டிரெய்லரோடு பின்வாங்குவது கடினம். இறங்கும்போது ஏறிய அதே கியர். பிரேக்கின்மேல் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். வேகம் கூடியதும் ஒரு அழுத்து, விட்டுவிடுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் ஜமுனாமரத்தூருக்குப் போகிற சாலைகள் பல இடத்தில் குறுகல். அங்கே டிரெய்லரைக் கொண்டுபோவதற்கு முன் வெறும் காரில் ஒருமுறை போய்ப் பார்த்து, எங்கே ஒதுங்கலாம், எங்கே திருப்பலாம் என்று குறித்து வாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும், திரும்பி வந்ததும்

சமதரை பார்த்து நிறுத்தி, கட்டை கொடுத்த பிறகுதான் கப்ளரைக் கழற்ற வேண்டும். சரிவில் முதலில் கழற்றினால் டிரெய்லர் உங்கள் கையில் நிற்காது. நான்கு மூலைத் தாங்கிகளும் ஆட்டத்தை நிறுத்தத்தான். டிரெய்லரைத் தூக்க ஜாக்கி மாதிரி பயன்படுத்தினால் வளைந்துவிடும். கிளம்பும்போது ஒருவர் மட்டும் தனியாகச் சுற்றிவந்து பாருங்கள்: தாங்கிகள் மேலே, கூரை ஜன்னல் மூடி, கேஸ் வால்வு மூடி, படி மடக்கி, கட்டை எடுத்து. பேசிக்கொண்டே பார்த்தால் ஒன்று தப்பும்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுப் பொருள் ஒன்றுவிடாமல் எடுங்கள், இல்லாவிட்டால் எலி வயரைக் கடிக்கும். டேங்க் தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து காயவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். டயரை வெயில் படாமல் சாக்குத் துணியால் மூடுங்கள். உருண்டையைக் காரிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றி, கிரீஸ் துடைத்துக் கவரில் போட்டு, அடுத்த முறை தேடாமல் இருக்கக் கருவிப் பெட்டியிலேயே வையுங்கள்.